தேக்குத் தரைக்கு ஒரு மாப்பு

ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களே, மாடி வார்டின் மரத்தரைக்கு எந்த மாப்பு வாங்கலாம் என்று போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீடு தேடி வந்து கேட்டீர்கள். கடைக்காரர் மூன்று விதம் காட்டினாராம். ஒன்று பார்க்க அழகாம், ஒன்று தூக்க லேசாம், ஒன்று எவ்வளவு அழுக்குப் பட்டாலும் வெளியே தெரியாத நிறமாம். அப்போது காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேனே தவிர, சரியாகப் பதில் சொல்லவில்லை. சாந்தோம் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். பேசுவதைவிட எழுதினால் ஒழுங்காக வரும். அதனால்தான் இந்தக் காகிதம்.

மாப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெண்மணியின் உடைந்த கணுக்காலிலிருந்து கற்றுக்கொண்டது. உடைந்ததற்குக் காரணம் நான்.

முப்பதுகளின் தொடக்கம். ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய தோட்ட வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு டாக்டரம்மா பிரசவ விடுதி நடத்திவந்தார். கீழே சிவப்பு ஓட்டுத் தரை. மேலே நான்கு அறைகளும் ஒரு நீள வராந்தாவும் முழுக்கப் பர்மாத் தேக்குப் பலகை. பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே வேலைக்கு வருவேன். வீட்டில் அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா மீன் கூடைக்காரி. இருபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்தது அந்த மாடித் தரை. காலையும் மாலையும் துடைக்க வேண்டும்.

துடைப்பதற்கு ஒரு சீமை மாப்பு இருந்தது. மவுண்ட் ரோடு கடையிலிருந்து மேட்ரன் அம்மா ஆசையாக வாங்கி வந்தது. நீண்ட கழியின் நுனியில் தடித் தடியான நூல் கயிறுகள் கொத்தாகத் தொங்கும். உலர்ந்திருக்கும்போது பூ மாதிரி. நனைந்தாலோ ஒரு சின்ன ஆட்டுக்குட்டி கனம். அதைக் கையால் முழுக்கப் பிழிய முடியாது. பாதி பிழிந்து இழுத்தால் மெழுகு போட்ட பலகை மேல் தண்ணீர் மெல்லிய தோல் மாதிரி நிற்கும். அதனால் ஈர மாப்புக்குப் பின்னால் உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும் என்பது விதி. விதி எனக்குத் தெரியும்.

அன்று அப்பாவின் கட்டுமரம் கரைக்கு வர நேரமாகிவிட்டது. அவர் வந்த பிறகுதான் கிளம்பினேன். விடுதிக்குள் நுழைந்ததும் மேட்ரன் அம்மா, "பத்து மணிக்கு வெளியூர் டாக்டர் ஒருத்தர் பார்க்க வர்றாங்க, வராந்தா கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்றார். கிழக்கு அறையை அவசரமாகத் துடைத்தேன். அங்கே கோமளம் அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். மயிலாப்பூர் வீட்டுப் பெண். முதல் பிரசவம், எட்டாவது நாள், அன்றுதான் எழுந்து நடக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். தரை பளபளவென்று ஈரமாக இருந்தது. வராந்தாவை முடித்துவிட்டு வந்து உலர்ந்த துணி போடலாம் என்று நினைத்து வெளியே போனேன்.

வராந்தாவின் பாதியில் இருக்கும்போது குழந்தை அழுதது. அடுத்து ஒரு சத்தம், அதையடுத்து அவருடைய குரல்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டிலுக்கு இரண்டடி தள்ளி அவர் தரையில் கிடந்தார். வலது பாதம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அந்த நிலையிலும் கையைத் தொட்டில் பக்கம் நீட்டி, "கொழந்தையைப் பாரு, கொழந்தையைப் பாரு" என்றார். குழந்தை தொட்டிலில் பத்திரமாக இருந்தான்.

அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, டாக்டரம்மா வந்து, காலுக்கு மாவுக்கட்டுப் போட ஆள் வந்து, எல்லாம் அடங்கிய பிறகு மேட்ரன் அம்மா ரங்கம்மா அக்காவைக் கூப்பிட்டார்.

ரங்கம்மா அக்கா அந்த அறையின் ஆயா. தேனாம்பேட்டைக்காரி. வயது நாற்பதுக்கு மேல். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். அவள்தான் அந்த நேரம் தாயின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவள். கீழே போய் வெந்நீர்க் கூஜா எடுத்து வந்து வைத்துவிட்டு, மறுபடி துணி எடுக்கப் போயிருக்கிறாள்.

"தண்ணி எப்படி வந்தது ரங்கம்மா?"

அக்கா தலை குனிந்து நின்றாள். "கூஜா தளும்பியிருக்கும்மா. நான்தான் சிந்திட்டேன் போலகீது. வேற யாரு?"

அவள் பொய் சொல்லவில்லை. தான்தான் சிந்தியதாக நிஜமாகவே நம்பினாள். நான் கதவுக்குப் பக்கத்தில் மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. "உன் துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்று மேட்ரன் அம்மா சொன்னார். அக்கா தலை குனிந்தபடியே போனாள்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. நான் பேசாமல் நின்றேன். அவள் பின்கட்டுக்குப் போய் மூட்டை கட்டும்வரை, படி இறங்கும்வரை, மாமரத்தடியைத் தாண்டும்வரை மேலே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே ஒப்புக்கொண்டுவிட்டாளே, நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று ஒரு மனசு. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று ஒரு பயம். அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையை விரித்துப் பார்த்தாள். தண்ணீர் சிந்திய கை எது என்று தேடுகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கேட்டில் அவள் முந்தானையைப் பிடித்தேன்.

"அக்கா, நில்லுக்கா. நீ சிந்தல. நான்தான் ஈரமா வுட்டுட்டுப் போய்ட்டேன்."

"இன்னாடி சொல்ற?"

"தொடைக்காம வுட்டுட்டேன். வா, மேல வா, நான் சொல்றேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். "அப்போ கூஜா தளும்பலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப அழுறியே, அது அவங்க காலுக்கா, உன் வேலைக்கா?" என்றார்.

"ரெண்டுக்கும்தாம்மா" என்றேன். 

அவர் எழுந்து மாடிக்கு வந்தார். வராந்தாவில் நான் காலையில் துடைத்த இடத்தில் மண்டியிட்டு, உள்ளங்கையைப் பலகை மேல் வைத்தார். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அப்போதும் கை குளிர்ந்துதான் இருந்தது போலும், புடவையில் துடைத்துக்கொண்டார். பலகைகளின் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தார். கறுப்பாக ஏதோ வந்தது.

"அவசரப்பட்டது உன் தப்பு. ஆனா தெனமும் அவசரம் வரும். அவசரத்துலயும் தரை காயணும்னா எதால தொடைக்கணும்? அதைக் கண்டுபிடி. ரங்கம்மாவை உள்ள வரச் சொல்லு. நீயும் போய் வேலையைப் பாரு."

திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

கோமளம் அம்மாளைக் கட்டுப் பிரிக்கும்வரை தன் பொறுப்பிலேயே வைத்துக்கொள்வதாக டாக்டரம்மா அவர் வீட்டில் சொல்லிவிட்டார். ஆறு வாரம். மறுநாள் காலை அந்த அறைக்குள் போனேன். கட்டில் ஓரத்தில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "கொழந்தை அப்போ என் கையில இருந்திருந்தா?" என்றார்.

 அன்று முழுதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே படுத்திருந்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் என்றைக்குமே சொன்னதில்லை. ஆனால் மூன்றாம் நாள், நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது, "அந்தோணி, அந்த ஜன்னலோரம் இன்னும் ஈரமா இருக்கு" என்று என் பெயரைச் சொல்லிப் பேசினார். படுத்திருப்பவருக்குத் தரை நம்மைவிட நன்றாகத் தெரியும். கிழக்கு வெளிச்சம் தாழ்வாக விழும்போது ஈரம் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தனியாகத் தெரிந்தது. அன்று முதல் அவர் கண், என் கை.

முதலில் சாக்கு. கோணிச் சாக்கை மடித்துக் கழியில் கட்டினேன். அழுக்கை நன்றாக எடுத்தது, ஆனால் பலகையில் கீறல் விழுந்தது. போதாததற்கு நார் உதிர்ந்து இடுக்கில் மாட்டியது. எவ்வளவு நேரத்தில் உலர்கிறது என்று பார்க்க எங்களிடம் கடிகாரம் இல்லை. கோமளம் அம்மாள் குழந்தைக்குப் பாடும் தாலாட்டுதான் அளவு. சீமை மாப்புக்கு அவர் ஐந்து முறை பாடியும் ஈரம் போகவில்லை. சாக்குக்கு மூன்று முறை போதுமாயிருந்தது.

அடுத்தது என் இரண்டாவது தப்பு. தண்ணீரால்தானே தொல்லை, தண்ணீரே வேண்டாம் என்று முடிவு செய்தேன். கம்பளித் துணியில் மண்ணெண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து தொட்டுத் துடைத்தேன். பெரிய பங்களாக்களில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தரை தகதகவென்று மின்னியது. மேட்ரன் அம்மா வந்து பார்த்து, என்னிடம் முதல்முறையாகச் சிரித்தார்.

கோமளம் அம்மாள் மட்டும் முகம் சுளித்தார். "ரொம்ப அழகா இருக்கு. பார்த்தாலே பயமா இருக்கு."

"ஈரம் கொஞ்சம்கூட இல்லம்மா."

"காலை அலம்பிண்டு வந்து நடந்து பாரேன். இங்க எல்லாரும் அப்படித்தானே வரா."

போய்க் கால் கழுவிவிட்டு வந்தேன். வீறாப்பாக நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் கால் முன்னால் போய்விட்டது, நான் பின்னால் தங்கிவிட்டேன். தொப்பென்று உட்கார்ந்த சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் கோமளம் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அடி பட்டுதா?" என்று கேட்கிறார், மறுபடி சிரிக்கிறார். இடுப்பு வலித்தது. இருந்தாலும் இன்னொரு தடவை விழலாம் போல எனக்கு இருந்தது.

அந்த எண்ணெயைப் போக்க ரங்கம்மா அக்காவும் நானும் இரண்டு நாள் தேய்த்தோம். பளபளப்பு வேறு, சுத்தம் வேறு. மேலதிகாரி சிரித்தார் என்பதற்காக எதையும் சரியென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விடை கடைசியில் தொட்டிலில் இருந்தது. ஒரு காலை ரங்கம்மா அக்கா வேறு அறையில் இருந்ததால், ஈரமாக்கிவிட்ட குழந்தைக்கு நான் துணி மாற்றினேன். அடியில் விரித்திருந்தது கோமளம் அம்மாளின் கணவருடைய பழைய வேஷ்டி, நாலாக மடித்தது. மேல் மடிப்பு முழுக்க நனைந்திருந்தது. அடி மடிப்பைத் தொட்டால் உலர்ந்து கிடந்தது. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி, அதையே மோந்துண்டு நிக்கறே?"

"அம்மா, இத்த தெனமும் தோச்சுப் போடறோமே, எவ்ளோ நேரத்துல காயுது?"

"வெயில்ல ஒரு நாழி. எதுக்குக் கேக்கறே?"

"தரைக்கு இது மாதிரி ஒண்ணு வேணும்மா."

அவர் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "ஆத்துல ஒரு பெட்டி நெறைய இருக்கு. அவரை எடுத்துண்டு வரச் சொல்றேன்."

அவர் கணவர் அப்போது மாம்பலத்தில், ஏரியை மூடிப் புதிதாக மனை போட்டிருந்த இடத்தில், வீடு கட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்த தச்சரிடம் சொல்லி ஒன்றரை அடி நீளத்தில் தட்டையான ஒரு பலகையை வழவழவென்று இழைத்து, நடுவில் கழி பொருத்தி வாங்கி வந்தார். கூடவே ஒரு மூட்டை பழைய வேஷ்டி. பத்து வருஷம் துவைத்துத் துவைத்து, கையில் எடுத்தால் எடையே தெரியாத துணி. ரங்கம்மா அக்கா மூன்று மடிப்பாகத் தைத்தாள். நூல் பிரிந்து இடுக்கில் மாட்டாமல் இருக்கச் சுற்றிலும் ஓரம் அடித்தாள். நாலு மூலையிலும் நாடா வைத்தாள், பலகையில் கட்டவும் அவிழ்க்கவும். கட்டிலில் சாய்ந்தபடி கோமளம் அம்மாளும் இரண்டு தைத்தார். அவர் தையல் கோணல். அக்கா அதை அவருக்குத் தெரியாமல் பிரித்துத் தைத்தாள்.

முதல் நாள் அதை நனைத்து, ஒரு சொட்டுக்கூட விழாதவரை முறுக்கிப் பிழிந்தேன். அவ்வளவு மெல்லிய துணி என்பதால் ஒரு பெண்ணின் கைக்கே பிழிபட்டது. கட்டி, பலகையின் ரேகை ஓடும் பக்கமாகவே இழுத்தேன். கோமளம் அம்மாள் தாலாட்டை ஆரம்பித்தார். முதல் தடவை பாடி முடிக்கும் முன்பே, "போதும், காஞ்சுடுத்து" என்றார்.

அதோடு முடியவில்லை. அதே துணியை மறுநாளும் போட்டபோது புளித்த வாடை வந்தது. ஈரத்தில் சுருட்டி வைத்தது என் தவறு. அழுக்கு மாப்பால் துடைத்தால், நேற்றைய அழுக்கை இன்றைக்குத் தரை முழுக்கப் பரப்புகிறோம், அவ்வளவுதான். அதன் பிறகு ஆறு துணி வைத்துக்கொண்டோம். துடைத்ததை அன்றே சலவைச் சோடா போட்ட கொதிநீரில் அலசி வெயிலில் போடுவோம். மொடமொடவென்று காயாத துணி மாடி ஏறக் கூடாது. ஐப்பசி மழையில் சமையலறை அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தினோம். சமையல்காரருக்கு அது பிடிக்கவில்லை. டாக்டரம்மா ஒரே வார்த்தையில் அவர் வாயை அடைத்துவிட்டார்.

ஆகவே கடைக்காரர் காட்டிய மூன்றில் எது என்றால், கையால் முழுக்கப் பிழிய முடிவது எதுவோ, கழற்றித் துவைத்து ஒரே நாளில் உலர்த்த முடிவது எதுவோ, அது. அழுக்கு தெரியாத நிறத்தை வாங்கவே வாங்காதீர்கள். அழுக்கு தெரிந்தால்தான் துவைக்கத் தோன்றும். வாங்கும் முன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, நடக்கலாம் என்றார் டாக்டரம்மா. கோமளம் அம்மாள் நடக்கவில்லை. கட்டில் விளிம்புவரை வருவார், காலைத் தொங்கவிடுவார், பாதம் பலகையைத் தொட்டதும் மேலே இழுத்துக்கொள்வார். மூன்று நாள் இப்படியே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். "எங்கிட்ட குடுக்காதேங்கோ, நான் போட்டுடுவேன்" என்பார். டாக்டரம்மா வற்புறுத்தவில்லை.

நாலாம் நாள் காலை வழக்கம்போல் அறையைத் துடைத்து முடித்தேன். ரங்கம்மா அக்கா குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அந்தோணி, அந்த ஜன்னல்கிட்ட கொழந்தையைக் கீழ விடு" என்றார் கோமளம் அம்மாள்.

அக்கா பாயை எடுக்கத் திரும்பினாள்.

"பாய் வேண்டாம் ரங்கம்மா. அப்படியே விடச் சொல்லு."

"தரையிலியாம்மா? பச்சப் புள்ளைய?"

"அவ தொடைச்ச தரைதானே. விடச் சொல்லு."

என்னால் குழந்தையை வாங்க முடியவில்லை.  அக்காதான் என் கையில் வைத்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயில் விழும் பலகை மேல், மல்லாக்க விட்டேன். அவன் அழவில்லை. குதிகாலால் தேக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என்ன இது என்பது போல் நிறுத்தி, மறுபடி தட்டினான்.

கோமளம் அம்மாள் எழுந்தார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் போகாமல் நின்றோம். போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கே தெரிந்தது. முதல் எட்டில் அவர் கை காற்றில் எதையோ தேடியது. இரண்டாவது எட்டில் நின்றுவிட்டார். பாதத்தைப் பலகையில் இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தார். பிறகு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை, எங்கும் நிற்காமல் நடந்தார்.

அங்கே போனதும் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டார். அவர் அழுதார். அக்காவும் அழுதாள். நான் மாப்பைச் சாய்த்து வைத்திருந்த சுவரோரம் நின்றிருந்தேன்.

"அங்க ஏன் நிக்கறே? வா, வந்து ஒக்காரு" என்று தன் பக்கத்துப் பலகையைத் தட்டினார்.

அந்தத் தரையில் எத்தனையோ நாள் குனிந்திருக்கிறேன், மண்டியிட்டிருக்கிறேன், ஒரு தடவை விழுந்தும் இருக்கிறேன். அதில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.